படியேறிக்கொண்டே இருந்த லாரிக்காரன்

என் நாவலில் ஒரு லாரிக்காரன் பல வருடம் கழித்து வீடு திரும்புகிறான். கதவு திறந்தால் கதை முடிந்தது. அவனைக் கதவுப் பக்கமே போகவிடாமல் மாடிப்படியில் நிறுத்தி வைத்திருந்தேன்.

காரணம், அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். இப்போது வயிற்றில் புற்று. வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் வேறு நாதி கிடையாது. காலையில் எழுதுவதை மாலையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். "முடிவு தெரியாம நான் போகமாட்டேன்" என்று முதல் நாளே சொன்னார். சும்மா சொன்னாரோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முடிவே வராவிட்டால்?

ஆயுசு முழுக்க, "ஏன்டி இப்படிப் பறக்கிறே, நிதானமா எழுது" என்று என்னைத் திட்டியவர். சரி, நிதானமாக எழுதினேன். நாளைக்கு ஒரு பத்தி. லாரிக்காரன் கைப்பிடியைத் தொட்டான். மறுநாள் செருப்பு வாரைச் சரிசெய்தான். அதற்கடுத்த நாள் சுவரில் விரிசலைப் பார்த்தான். கண்றாவி. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

"அந்த வீட்டுக்கு எத்தனை மாடிடி?" என்றார் அண்ணன் ஒரு மாலை.

"அவனுக்கு மூச்சு வாங்குதுண்ணா."

"அவனுக்கு ஒண்ணுமில்ல. நீதான் பிடிச்சு வச்சிருக்கே."

"நொட்டை சொல்லாம கேளேன்."

சிரித்தார். சிரிப்பு வலியைக் கிளப்பிவிட்டது. போர்வையைக் கடித்துக்கொண்டு சுருண்டார். அடங்க நெடுநேரம் ஆயிற்று.

"விட்டுடுடி, வாயாடி. அவனும் பாவம், நானும் பாவம். என்னால முடியல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னைத் தனியா விட்டுட்டுப் போகணும், அதானே உனக்கு?" என்று கத்தினேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கதவு திறக்கிறது. மனைவிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. "யாரு வேணும்?" என்கிறாள். அவ்வளவுதான்.

மாலையில் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுதான்டி. ஒரு வார்த்தை கூட்டாதே."

என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார். அது விடைபெறுதல் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

விடிந்ததும் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கண் விழித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

"அண்ணா!"

தலையைத் திருப்பினார். "இன்னும் இருக்கேனேடி" என்று சொல்லிவிட்டு அழுதார்.