மூன்று டோபாஸ்

செமினி ஊருக்கு அப்பால், கைவிடப்பட்ட ஈயச்சுரங்கத்து மண்மேட்டில் அந்தக் கல்லை முதலில் நக்கிப் பார்த்தவள் ராஜினிதான். கல் தோண்டுகிறவர்களிடம் அப்படியொரு வழக்கம். சேறு அப்பிய கல்லைத் துடைத்து, ஓரத்தை நாக்கால் ஈரமாக்கினால் நிறமும் தெளிவும் தெரிந்துவிடும். முதலில் நக்கியவருக்கே கல் சொந்தம். மேட்டுக்கு மேலே புதிதாக முளைத்த வீடமைப்புப் பகுதியின் சாக்கடை அந்த வழியாகத்தான் ஒழுகியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அப்படியும் நக்கினாள்.

உள்ளங்கை நீளத்துக்குப் புகைநிறப் படிகம். அதன் தோளில் பட்டாணி அளவு ஒரே ஒரு டோபாஸ், புஷ்பராகம் என்பார்களே அது, துளி நிறமில்லாமல். இரண்டும் மண்ணுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானாக வளர்ந்தவை. மோதிரக்காரனுக்கு அது பொடிக்கல். சேகரிக்கிறவர்களுக்கோ, அது ஒட்டி வளர்ந்து நிற்கிறதே, அதுதான் எல்லாம். பிரித்துவிட்டால் ஒன்றுமில்லை.

ராஜினிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. டாக்டர் கழித்துப்போட்ட கொக்கிகளை வைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் அழுக்கு எடுப்பதுபோல, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கல்லின் களிமண்ணை எடுத்தாள். துருக்கறை மட்டும் போகவில்லை. அதற்கு ஆசிட் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் ஆசிட் வாளியை எங்கே வைப்பது? கூடத் தோண்ட வருகிற லோரி டிரைவர் தம்புசாமிக்கு சாலாக் செலாத்தானில் கொல்லைப்புறம் இருந்தது.

"குடுத்துட்டுப் போ தங்கச்சி. ஊறப்போட்டு, பளிச்சினு ஆக்கி, நானே நேரா ஹாலுக்குக் கொண்டாந்துடுறேன் லா."

"டோபாஸ் பக்கம் பிரஷ் போட்றாதீங்க அண்ணே."

"எனக்குத் தெரியாதா?"

ஹால் என்றது, கல் சேகரிக்கிறவர்கள் வருஷத்துக்கொரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு எடுத்து நடத்தும் கண்காட்சியை. இந்த நாட்டில் தோண்டியெடுத்த கல்லில் சிறந்த ஒன்றை நடுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கண்டெடுத்தவர் பெயரையும் எழுதி வைப்பார்கள். அங்கே ராஜினிக்கு இதுவரை பெயர் கிடையாது. 'தம்புசாமி கூட வர்ற பொண்ணு', அவ்வளவுதான். அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்கத் தோண்டுவது இவள், டீ வாங்கிக் கொடுக்கச் சொல்வதும் இவளைத்தான். இந்த ஒரு தடவையாவது அந்தப் பெட்டியில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஹாலுக்குள் நுழைந்தபோது நடுப்பெட்டியைச் சுற்றி ஒரே கூட்டம். அட்டையில் அவள் பெயர் இருந்தது. உள்ளே அவள் கல் இருந்தது. அதில் மூன்று டோபாஸ் இருந்தன.

கேக்கில் செர்ரி வைத்த மாதிரி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புதிய கற்கள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே தம்புசாமி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனைச் சுவரோரம் இழுத்துப் போனாள்.

"ஒன்னுதானே அண்ணே இருந்துச்சு?"

"ஒன்னு இருந்தா எவன் பாப்பான்? கூட்டத்தப் பாரு. பேரு உன் பேருதானே போட்டிருக்கு. சும்மா இரு லா."

சும்மா இருந்தாள். அதுதான் அசிங்கம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து கைகொடுத்தார்கள், "நீங்கதான் ராஜினியா?" என்று கேட்டார்கள், இவளும் தலையாட்டினாள். அந்தக் கேள்வி காதுக்கு இனித்தது. இனித்ததை நினைத்ததும் தன்மேலேயே சீ என்று ஆகிவிட்டது.

முடிவில் விளக்கை அணைத்து, புற ஊதா ஒளி வீசும் யூவி டார்ச் அடித்துக் காட்டுவது அங்கே வழக்கம். சில கற்கள் இருட்டில் பச்சையும் சிவப்பும் வீசும், சனம் கைதட்டும். ஒட்டுப் பசையும் அதில் மின்னும். ராஜினிக்கு அது நினைவு வந்ததும் டார்ச்சைக் கையில் எடுத்திருந்த வல்லிபுரம் அங்கிளிடம் ஓடினாள். நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அந்தச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"அங்கிள், நடுப்பெட்டியில இருக்கிற என் கல்லுல ரெண்டு ஒட்டினது. நடுவுல இருக்கிறது மட்டும்தான் நிஜம். பெட்டியிலேருந்து எடுத்துடுங்க. பேரும் வேண்டாம்."

அவர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, பெட்டிக்குள் டார்ச்சை அடித்தார்.

மூன்று டோபாஸின் அடியிலும் நீலவெள்ளை வளையம் மின்னியது. நடுவில் இருந்ததன் அடியில்தான் அதிகமாக.

"மூண்டுமே ஒட்டினதுதானே பிள்ளை," என்றார் வல்லிபுரம், மெதுவாக. "ரெண்டைச் சொல்லி ஒண்டைக் காப்பாத்தப் பாத்தியோ?"

இருட்டில் யாரோ சிரித்தார்கள். விளக்கு வந்தபோது அவள் பெயர் எழுதிய அட்டையை ஏற்கெனவே யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

தம்புசாமி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவனே சொன்னான்.

"பிரஷ் பட்டு விழுந்துருச்சு மா. ஒன்ன மட்டும் ஒட்டினா உனக்குக் கண்டிப்பா தெரிஞ்சிரும். ரெண்டு கூட ஒட்டிட்டா நீ அந்த ரெண்டைத்தான் பாப்பேனு நெனச்சேன்."

கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தான். அந்த இரண்டை மட்டும்தான் அவள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கல்லைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து அசிட்டோன் ஊற்றினாள். சமையலறை முழுக்க அந்த நெடி. பசை சளிபோல இளகி, மூன்று டோபாஸும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. உடைந்த பக்கத்தைக் கல்லோடு பொருத்திப் பார்த்தால் தன்னுடையது எது என்று தெரிந்துவிடும். ஆனால் அவன் ஒட்டுவதற்கு வசதியாக மூன்றின் அடியையும் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கியிருந்தான். கல்லின் தோளையும் தேய்த்திருந்தான். கிண்ணத்துக்குள் மூன்றும் உருண்டு, எது நடுவில் இருந்தது என்பதும் போய்விட்டது.

குழாயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாதக்கணக்காகக் கொக்கியும் கையுமாக எந்தக் கல்லின் முகத்தில் விழித்தாளோ, அதை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே கசப்பு.

சிங்க்கில் காறித் துப்பினாள். மூன்றையும் வாரி, மீன் செதில் கிடந்த குப்பைக் கூடையில் கொட்டினாள். அதில் ஒன்று அவளுடையது.