ஓரங்கட்டாத வண்டி

வண்டி நின்றதும் பாட்டும் நின்றது.

ஊர்வலத்தின் முன்னால், கைத்தடியைத் தரையில் ஊன்றாமல் பிடித்துக்கொண்டு நடந்த எபினேசர் திரும்பிப் பார்த்தார். அவருடைய தம்பி தாவீதின் வேன், முன் சக்கரம் ஒன்றை வேகத்தடையின் மேல் ஏற்றியபடி, பாதி வளைவில் ஒருக்களித்து நின்றிருந்தது. உள்ளே பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுத் தாவீதின் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டியின் அருகே அவன் மனைவி விக்டோரியா உட்கார்ந்திருந்தாள். ஓட்டி வந்த மெக்கானிக் துளசிராமன் சாவியைத் திருகத் திருக, இன்ஜின் சுற்றியதே தவிர உயிர் பிடிக்கவில்லை.

நின்ற இடம்தான் எபினேசருக்கு நெஞ்சில் தைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் திரும்பும் வளைவு. எதிரே ஒயின் ஷாப். கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வாசலில் கூட்டம்.

"பாத்தியா, தாவீதண்ணன் செத்தும் கடைய தாண்ட மாட்டேன்றாரு" என்றது ஒரு குரல்.

"சும்மா இர்றா, பொணம் போவுது" என்று இன்னொருவன் அதட்டினான். அதட்டியவனும் சிரித்தான்.

எபினேசர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. காதில் விழாததுபோல் நிற்பதற்கு இந்த ஒரு வருஷத்தில் அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

தாவீது அந்த வேனில் கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போனவன். குடியை விட்டுவிட்டதாகச் சபையின் முன்னால் பொருத்தனை செய்து, சொன்னபடி இருந்தவன். பிறகு வேன் அடிக்கடி இந்த வளைவில் நிற்க ஆரம்பித்தது. தானாக நிற்கிறது என்றான். ஒயின் ஷாப்புக்கு எதிரில் மட்டும் தானாக நிற்கும் வண்டியை யார் நம்புவார்கள்? பட்டறைக்குக் கொண்டுபோனாலோ அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன தவக்காலத்தில், தாவீதைத் திருவிருந்துக்குச் சேர்க்கக் கூடாது என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. மூப்பராகிய எபினேசர் எழுந்து நின்றார். "வண்டியில கோளாறு. நானே கண்ணால பாத்தேன்" என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை. தம்பி குடிக்கிறான் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் வீட்டு அழுக்கை வீதியில் அலசுகிறவர் அல்ல அவர். அன்று முதல் எவர் கேட்டாலும் அதையே சொன்னார்.

கமிட்டி முடிந்து வெளியே வந்ததும் தாவீது, "மெய்யாலுமே வண்டிதாண்ணே நிக்குது" என்றான்.

"சரி, அப்டியே சொல்லிக்கினு இரு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவன் அவரிடம் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நேற்று விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துபோனான்.

பின்னால் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. விக்டோரியாவின் தம்பி பீட்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தான்.

"மாமா, ஓரமா தள்ளிடலாம். நாலு பேரு போதும். டேய், வாங்கடா."

"யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் எபினேசர்.

"பஸ்ஸு நிக்குது மாமா."

"நிக்கட்டும்."

குரல் உயரவில்லை. ஆனாலும் பீட்டர் கையை எடுத்துக்கொண்டான். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் காரணம் தெரியும். அவர்களுடைய அப்பாவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, யாரோ பெரிய மனிதரின் கார் போக வேண்டும் என்று நாலு பேர் வந்து வண்டியைப் பிணத்தோடு சேர்த்துப் பள்ளத்தில் தள்ளினார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அன்று எபினேசருக்கு மீசை முளைக்கவில்லை. நம் வீட்டுச் சாவு இனிமேல் எவனுக்கும் ஓரங்கட்டாது என்று அவர் பிற்பாடு வைத்த சட்டத்தை அம்மாவின் சாவிலும் மீறவில்லை.

துளசிராமன் இறங்கி வந்தான். "அண்ணே, கோச்சிக்காதீங்க. கொஞ்சம் தள்ளி சமமா நிறுத்தினா ஸ்டார்ட் ஆயிடும். எப்பவும் அப்டித்தான்."

"எப்பவும்னா?"

"தாவீது ஃபோன் பண்ணுவான். நான் வர்றதுக்குள்ள யாராச்சும் வழி வோணும்னு தள்ளி ஓரங்கட்டிருப்பாங்க. நான் வந்து சாவி போட்டா டபக்குன்னு புடிச்சிக்கும். டீசல் பில்டர மாத்தினேன், ரிலே மாத்தினேன். நல்லா ஓடற வண்டியில நான் இன்னாத்த தேடறது?"

எபினேசர் வேகத்தடையின் மேல் ஏறியிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அப்போ நின்னுக்கினு இருக்கும்போது நீ பாத்ததே இல்ல?"

"இல்லண்ணே."

"இப்போ நிக்குது. பாரு."

"நேரம் ஆவும்ணே. இந்தக் கட எதிர்லயே நிக்கணும். சனம் ஒரு மாதிரி பேசுது."

"பேசட்டும். நீ பாரு."

பீட்டர் முணுமுணுத்தான். "கோளாறு கெடச்சா மட்டும் அவரு எழுந்து வந்துரப் போறாரா?"

பாஸ்டர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பெனி பஸ் பின்வாங்கி, பக்கத்துச் சந்தில் புகுந்து போனது.

துளசிராமன் இடது பக்க சீட்டில் முட்டி போட்டு, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவிலிருந்த மூடியைத் தூக்கினான். இன்ஜினின் அனல் முகத்தில் அடித்தது. "சாவி போட ஒரு ஆளு வோணுமே" என்றான். பீட்டர் நகர்வதற்குள் எபினேசர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட் தாவீதின் உடம்புக்குக் குழிந்திருந்தது. நிமிர்ந்தே உட்கார்ந்து பழகிய அவர் முதுகுக்கு அது ஒத்துவரவில்லை.

சாவியைப் போட்டார். விளக்குகள் எல்லாம் எரிந்தன.

"லைட்டுங்க எரியுது, செல்ப் மோட்டாரு சுத்துது, டீசலும் இருக்குது" என்றான் துளசிராமன். "ஆனா பம்புக்கு மேல ஒரு வால்வு இருக்குதுண்ணே. கரண்டு வந்தாத்தான் டீசலுக்கு வழி வுடும். சாவி போட்டா டிக்குனு ஒரு சத்தம் வரணும். வர்ல பாருங்க. உள்ள டெஸ்ட் பல்பு இருக்குதா?"

எபினேசர் கதவுப் பையில் கை விட்டார். ஒயர் கட்டிய சிறிய பல்பு ஒன்று இருந்தது. அதோடு கைக்கு வந்தவை: கறுப்பு டேப் சுருள், தேய்ந்த உப்புத்தாள், பிரிக்காத ஃப்யூஸ் பாக்கெட், பிடி உடைந்த ஸ்க்ரூ டிரைவர். அவர் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, பல்பை மட்டும் நீட்டினார்.

ஒயரின் சாவிப் பக்க முனையில் வைத்தபோது பல்பு எரிந்தது. வால்வின் முனையில் வைத்தபோது எரியவில்லை.

"கரண்டு நடுவுல எங்கியோ போவுது" என்று சொல்லிக்கொண்டே துளசிராமன் பல்பை அங்கேயே மாட்டிவிட்டு, ஒயரை விரலால் தடவிக்கொண்டு போனான். வெளித்தோல் எங்கும் வெடிக்கவில்லை, கருகவில்லை. வண்டியின் தகட்டோடு சேர்த்து ஒயரை இறுக்கியிருந்த கிளிப்பின் அருகில் வந்ததும் அழுத்தினான்.

பல்பு எரிந்தது.

விரலை எடுத்தான். அணைந்தது. மறுபடி அழுத்தினான். எரிந்தது.

"அட பாவி" என்றான் மெதுவாக. "அண்ணே, மேல தோலு நல்லா இருக்குது. உள்ள கம்பி அறுந்து கெடக்குது. வளைவுல வேகத்தட ஏறினா இன்ஜின் இந்தப் பக்கம் சாயுது இல்ல, ஒயர இழுக்குது, கம்பி பிரியுது. சமமா நின்னா ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கும். தள்ளித் தள்ளியே எனக்குத் தெரியாம பண்ணிட்டாங்க."

பெட்டியின் அருகிலிருந்து விக்டோரியா கேட்டாள். "இன்னா மாமா இருந்துச்சு?"

எபினேசர் சீட்டிலிருந்து பின்னால் திரும்பினார்.

"ஒயரும்மா" என்றார். "உள்ள."

அவள் தலையாட்டினாள். பெட்டியின் மேல் நழுவியிருந்த மாலையை நகர்த்திச் சரியாக வைத்தாள்.

பீட்டர் வெளியே போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "வண்டியிலதான் கோளாறாம்!" ஒயின் ஷாப் வாசலிலிருந்த ஒரு பெரியவர், "அதத்தான் மூப்பரு அப்பவே சொன்னாரே" என்றார். கூட்டத்தில் சிலர் ஆமாம் என்றார்கள். அன்று நம்பாமல் சொன்னதை எபினேசர் புதிதாகச் சொல்வதற்கு அங்கே ஆள் யாரும் இல்லை.

துளசிராமன் ஒயரைச் சீவி, கம்பிகளை முறுக்கி, தாவீதின் டேப்பையே எடுத்துச் சுற்றினான். "கல்லறைத் தோட்டம் வரைக்கும் தாராளமா தாங்கும்ணே. எறங்குங்க, நான் ஓட்டறேன்."

எபினேசர் இறங்கினார். ஆனால் ஊர்வலத்தின் முன்னால் போகவில்லை. சுற்றி வந்து இடது பக்க சீட்டில் ஏறினார். கைத்தடியைக் காலடியில் கிடத்திவிட்டு, திறந்திருந்த மூடிக்குள் கையை விட்டு, டேப் சுற்றிய இடத்தை இரண்டு விரலால் பிடித்தார்.

"சூடு அடிக்கும்ணே. டேப்பு போதும். கைய எடுங்க, மூடிடலாம்."

"நீ ஓட்டு" என்றார்.

சாவி திரும்பியது. டிக் என்று ஒரு சத்தம் அவர் விரல் வரை வந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. பாட்டை, அது நின்றுபோன அடியிலிருந்தே பாஸ்டர் எடுத்தார். முன் சக்கரம் வேகத்தடையிலிருந்து இறங்கி, பின் சக்கரம் ஏறியது; இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒயர் அவர் விரல்களுக்குள் இழுபட்டது. அவர் விடவில்லை. வேன் வளைவைத் தாண்டி, ஒயின் ஷாப்பைத் தாண்டி, நடப்பவர்களின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.