நீல வேட்டிக்குள் இருந்த மடி

காது குத்துக்குத் தாய்மாமன் வரப்போவதில்லை என்று உறுதியான நாளிலிருந்து சுகுணா வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய ஒரே தம்பி ரகுநாத் குவைத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். ஒப்பந்தம் முடியும்வரை விடுப்பு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அக்கா மகள் பிரகதா பிறந்ததே அவன் விமானம் ஏறிய பிறகுதான். மாமன் மடியில் உட்கார்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். சொந்த மாமன் இல்லையென்றால் சித்தப்பன் மகன் உட்காரலாம், பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அன்றைக்கு எவன் மடி கொடுத்தானோ அவன்தான் ஊர் வாயில் கடைசிவரை மாமன். ரகுநாத்துக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது அதுதான்.

அவன் தேவிப்ரியாவுக்குச் செய்தி அனுப்பினான். போனில் பேசினால் தானாகவே எழுத்தாகிவிடும் வசதி இருந்ததால் நிறுத்தாமல் கொட்டியிருந்தான்.

"தேவி ரகு பேசுறேன் டைப் பண்ணக் கை ஒழியல அதான் வாயாலயே சொல்லிப் போடுறேன் இல்லாத ஆள இருக்க மாதிரி வைக்கிற வேலைதானே நீ மெட்ராஸ்ல பாத்த என்னய பாப்பா பக்கத்துல வைக்க முடியுமா பக்கத்துல வேணாம் பாப்பாவ என் மடியில வையி முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன் ஆனா முடியும்னு சொல்லு"

தேவிப்ரியா சுகுணாவின் நாத்தனார். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சில வருடம் இருந்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்தது ஒரே வேலை: படத்தில் உள்ள ஆளைச் சுற்றி, ஒவ்வொரு ப்ரேமாகக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது. காற்றில் பறக்கும் முடியைக்கூட விடாமல் வெட்டுவாள். வெட்டியவர்களை வேறு யாரோ, வேறு எங்கேயோ கொண்டுபோய் வைத்தார்கள். கடலிலா, வானத்திலா என்று அவளிடம் சொன்னதில்லை. அலுத்துப்போய் ஊருக்கு வந்தவள், இலுப்பூரில் தன் அண்ணனும் சுகுணாவின் கணவனுமான அரவிந்த்குமாரின் வீடியோ கடையில், கல்யாண வீடியோக்களில் மணமக்கள் பெயரைப் பூவாக விரியவைத்துக்கொண்டிருந்தாள்.

'முடியும் மச்சான்' என்று பதில் போட்டுவிட்டாள். வெட்டத் தெரியும். ஒருவரை ஓர் இடத்தில் உட்கார வைத்து அவள் பார்த்ததே இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய அப்பா மலையாண்டி துண்டை உதறினார். "படத்துக்குள்ள உக்காந்தா மாமனாயிருவானா? நாளைக்கு நானும் குவைத்து போறேன், எனக்கு இங்கிட்டு பொங்க வைப்பியா?"

"பொங்கலும் வைக்கலாம்ப்பா. திங்கத்தான் முடியாது."

"வாயப் பாரு."

திட்டம் இதுதான். சுகுணாவின் சித்தப்பா மகன் அருண்குமார் குளத்தூரில் லோடு வேன் ஓட்டுகிறான். தலையோடு காலாகப் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு அவன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வான். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை மட்டும் அழித்துவிட்டால் அவன் இருந்த இடம் காலியாகிவிடும். அந்தக் காலி இடத்தில் ரகுநாத்.

"மூஞ்சிய மூடிக்கிட்டா? நான் என்ன பொணமா தேவி?" என்றான் அருண்.

"நல்ல காரியத்துல என்னடா பேச்சு!" என்று மலையாண்டி அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"சும்மா சொன்னேன் மாமா. அவென் ஆசைக்குக் கொஞ்ச நேரம் மறைஞ்சு உக்காந்தா நான் என்ன தேய்ஞ்சா போயிருவேன்?"

குலசாமி கோயிலில் மண் குதிரைகளுக்கு முன்னால் பலகை போட்டார்கள். அரவிந்த் முதலில் யாரும் உட்காராத வெறும் பலகையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான். மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசி, சுகுணா பிள்ளையைத் தூக்கி வந்தாள். தேவிப்ரியா கையிலிருந்த பச்சைத் துணியைக் கீழே வைத்தாள்.

பிரகதா கிளிப்பச்சைப் பட்டுப்பாவாடையில் இருந்தாள்.

அவர்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு மாமன் எடுக்கும் முதல் பட்டு பச்சையாகத்தான் இருக்கும். அவளுக்கே அப்படித்தான் எடுத்தார்கள். இருந்தும் மறந்துவிட்டாள். ஸ்டுடியோவில் இருந்த காலத்தில் பச்சை என்றாலே இல்லாமல் போகப்போகிற இடம் என்று அவள் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. பச்சையை அழித்தால் அருணோடு சேர்ந்து பிள்ளையின் உடம்பும் போய்விடும். மொட்டைத் தலையும் இரண்டு கைகளும்தான் மிஞ்சும்.

"அண்ணி, வேற கவுன் ஏதாச்சும் மாத்துவமா?"

"மாமன் எடுத்து அனுப்புன பட்டு தேவி. இதையும் அவுத்துட்டா அவென் எங்கிட்டுத்தான் இருப்பான்?"

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது.

"பச்சைதான் ஆகணுமா?" என்று கேட்டான் அருண்.

"பிள்ளை மேல இல்லாத கலரா இருந்தாப் போதும். பளிச்சுன்னு இருக்கணும்."

"வேன்ல என் சாமி வேட்டி ரெண்டும் துண்டும் கெடக்கு. சபரிமலைக்கு மாலை போட்டப்பக் கட்டுனது. நல்ல நீலம்."

"தொவச்சதா?"

"போன கார்த்திகைக்குத் தொவச்சேன்."

இரண்டு நீல வேட்டியைச் சுற்றி, நீலத் துண்டைக் கிழித்துக் கைகளில் கட்டி, முகத்தையும் மூடியபின் அருண் அங்கே இல்லை. ஒரு நீல மூட்டை சம்மணம் போட்டிருந்தது. பிள்ளை அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மூட்டைக்குள்ளிருந்து மாட்டை ஓட்டுகிற மாதிரி நாக்கைத் தட்டும் சத்தம் வந்தது. அழ வந்தவள் அழுகையை மறந்து துணியைப் பிடித்து இழுத்தாள். கை எட்டுகிற தூரத்தில் கம்மல் தட்டோடு உட்கார்ந்திருந்த மலையாண்டி "கண்றாவி" என்று முனகினார். ஊசி ஏறியது. பிள்ளை வீறிட்டது. நீல மூட்டை வெடுக்கென்று குனிந்து அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

கடையில் தேவிப்ரியா அதைத் திரையில் போட்டு, நீலத்தை மட்டும் எடுக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். அருண் மறைந்தான். அடியில் வெறும் பலகைப் படத்தை வைத்தாள். மண் குதிரைகளுக்கு முன்னால், தரையைத் தொடாமல், பச்சைப் பட்டில் பிரகதா அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலும் உச்சந்தலையிலும் கை வடிவத்தில் ஓட்டை. அதன் வழியே கோயில் சுவர் தெரிந்தது. எத்தனையோ பேரை வெட்டியவள்தான். ஆனாலும் அந்தக் கை வடிவத்தைப் பார்க்கையில் யாரோ வரக் காத்திருக்கிற கதவு மாதிரித் தோன்றி உடம்பு புல்லரித்தது.

ரகுநாத் அறை நண்பன் ஒருவனை வைத்துத் தன்னைப் படம் பிடித்து அனுப்பினான். வெள்ளைச் சட்டை, வேட்டி, பின்னால் ஒரு திரைச்சீலை. மடியில் துண்டு சுற்றிய அரிசிப் பை. வெளிச்சம் எந்தப் பக்கம், கேமரா எவ்வளவு உயரம் எல்லாம் அவள் சொன்னபடிதான். ஆனால் ஆள் சரியில்லை. பிள்ளையின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து நடித்ததால் ஒவ்வொன்றும் ஒரு நொடி பிந்தியது.

"மச்சான், கொடத்தைத் தூக்குற மாதிரி புடிக்கிறீங்க. பிள்ளைக்கு வலிக்குது, நீங்க ரேசன் கடையில நிக்கிற மாதிரி இருக்கீங்க."

"நான் புள்ளையத் தூக்குனதே இல்லையே தேவி. எப்புடிப் புடிக்கணும்னே தெரியல. தப்பாப் புடிச்சா ஊரே சிரிக்கும்ல? வேணாம், விட்ருவமா?"

அவனுடைய பயம் அவளையும் தொற்றியது. யோசித்துப் பார்த்தாள். பிறகு படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் அனுப்பினாள். ஒலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் மௌனம் சேர்த்திருந்தாள், எவ்வளவு என்று சொல்லவில்லை.

"எதையும் பாக்காதீங்க மச்சான். பையத் தடவிக்கிட்டே இருங்க. பாப்பா எப்ப அழுவும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விடுமுறை மதியத்தில் அந்தப் படம் வந்து சேர்ந்தது. ரகுநாத் குனிந்தபடி அரிசிப் பையைத் தட்டிக்கொண்டிருந்தான். கோயில் மணி, ஆசாரியின் இருமல், மலையாண்டியின் முனகல். பிறகு பிரகதாவின் வீறிடல். ரகுநாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையை நெஞ்சோடு அள்ளி, வலக்கையால் அதன் உச்சியை மூடி, அதன்மேல் உதட்டை அழுத்தினான். நண்பன் ஏதோ கேட்கிறான். அவன் நிமிரவே இல்லை.

தேவிப்ரியா அவனை வெட்டி எடுத்தாள். அவன் உடம்பைப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு அடுக்காக வைத்தாள். கைகளைத் தனியாக வெட்டிப் பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். ஒரு மனிதனை இரண்டாகப் பிரித்து நடுவில் குழந்தையை இருத்துகிற வேலை. இரண்டு படத்திலும் பிள்ளையின் அழுகை ஒரே கணத்தில் விழும்படி அவனை நகர்த்திக்கொண்டே வந்தாள்.

ஓர் இடத்தில் வலக்கை உச்சந்தலை ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது.

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வேட்டிக்குள் இருந்தவனும் கடல் தாண்டி அரிசிப் பையோடு இருந்தவனும் ஒரே அழுகைக்கு ஒரே மாதிரிக் குனிந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு மற்றவன் செய்தது தெரியாது. அருணின் உள்ளங்கை கொஞ்சம் அகலம், அதனால் ஓரத்தில் பிறை போல ஒரு கீற்று மட்டும் மிச்சம். அதைப் பக்கத்து ப்ரேமிலிருந்து சந்தனத்தை எடுத்து அடைத்தாள். பிள்ளையின் நிழலை அவன் வேட்டியில் விழவைத்தாள். பட்டின் பச்சை அவன் வெள்ளைச் சட்டையில் லேசாகப் பட்டது போல் சாயம் ஏற்றினாள். பிறகு ஒன்று உறுத்தியது. சந்தனத் தலையில் முத்தம் கொடுத்து நிமிர்கிறவன் உதடு சுத்தமாக இருக்கிறதே. மஞ்சளை ஒரு பொட்டு எடுத்து அவன் மேலுதட்டில் வைத்தாள்.

ஓடவிட்டாள். அதற்குமேல் அவளுக்கே அடுக்குகள் தெரியவில்லை. ஒரு மாமன் மருமகளை வைத்திருந்தான், அவ்வளவுதான். தான்தான் செய்தோம் என்று தெரிந்தும், யாரோ தனக்கு முன்னால் செய்துவைத்ததைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

மறுநாள் எல்லோரும் கடைக்கு வந்தார்கள். சுகுணா முந்தானையை வாயில் வைத்தவள் எடுக்கவில்லை. அருண் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தான்.

"யாத்தே... நான் எங்கிட்டுமே இல்லையே தேவி! ஒரு நகம் கூட இல்ல!" வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தான். "அந்தப் புழுக்கத்துல உக்காந்தது நான்தானாங்கிறதே எனக்குச் சந்தேகமா இருக்கு."

மலையாண்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டாள். பிள்ளை வீறிடும் இடத்தில் அவர் கை தானாக முன்னே நீண்டு நின்றது. முடிந்ததும் போனைக் கேட்டு வாங்கினார். குவைத்தில் மணி அடித்த உடனே ரகுநாத் எடுத்தான், கையிலேயே வைத்திருந்தவன் போல.

"மாப்ள, நான் மலையாண்டி. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன் மாமா. படம் பாத்தீங்களா? நல்லா இல்லைன்னா யாருக்கும் காட்ட வேணாம்னு தேவிகிட்டச் சொல்..."

"அத விடுங்க. ஏன் மாப்ள, அம்புட்டு இறுக்கியா புடிப்பீங்க? பச்சப்புள்ள, மூச்சு முட்டியிருக்கும்ல? நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

கடையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நீல மூட்டைக்குக் கை எட்டும் தூரத்தில் கம்மல் தட்டோடு இருந்த மனிதர். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. தேவிப்ரியா திரையில் தொட்டது திரையோடு நிற்கவில்லை; அப்பாவின் நினைவிலும் நீல மூட்டை இருந்த இடத்தில் ரகுநாத் உட்கார்ந்துவிட்டான்.

"பயந்துட்டேன் மாமா," என்றான் ரகுநாத். "திடுக்குன்னு அழுதுச்சா, என்ன பண்றதுன்னே தெரியல."

"மொதப் புள்ளைக்கு அப்புடித்தான் இருக்கும்," என்றார் மலையாண்டி.