பட்டினித் தட்டு

பணி ஓய்வு விழா முடிந்து, தேவராஜ மார்க்கெட் மல்லிகை மாலையை நாற்காலியில் மாட்டிவிட்டு, மூலக்கூறு உயிரியலாளர் ஹம்ஸா ஆய்வகத்தில் தன் அலமாரியைக் காலி செய்தாள். அடியில் ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம். ஒன்றுமே தெரியக் கூடாத இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டை அவளைப் படுத்திய பாடு! வளர்ச்சிக் காரணி பட்டதும் புற்றுநோய்ச் செல்லுக்குள் ‘பெருகு’ என்று சமிக்ஞை ஓடும்; ஃபிலிமில் அது கறுப்புப் பட்டையாக விழும். அதை மட்டும் பிரித்துப் பார்க்க, முதல் நாள் சாயங்காலமே, அதே காரணிகள் கலந்த ஊட்டமான சீரத்தை எடுத்துவிட்டுச் செல்களைப் பட்டினி போட வேண்டும். வளர்ச்சிக் காரணி சேர்க்காத தட்டில் சமிக்ஞை இருக்கவே கூடாது. இருந்தது. ஒரு மாதம் விடாமல் இருந்தது. பெரிய கண்டுபிடிப்பென்று கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில், ராத்திரி ஆய்வகத்தைப் பூட்டிப் போகும் உதவியாள், கௌதள்ளி ஊர்க்காரர் கருப்புசாமி தலையைச் சொறிந்தார்.

“நான்தானுங்க மேடம் ரெண்டு சொட்டு சீரம் உட்டேன். ராத்திரி பூரா பட்டினி கெடக்குதேன்னு மனசு கேக்கலீங்க.”

“அது கேன்சர் செல், கருப்புசாமி!”

“அதுக்குத் தெரியுங்களா, தான் கேன்சருன்னு?”

அன்று அவள் திட்டிய திட்டு வராந்தா முழுக்கக் கேட்டது. அவர் போய்ச் சேர்ந்தே ஆறு வருஷமாகிறது.

இன்குபேட்டரில் அவளுடைய கடைசித் தட்டு இருந்தது. நேற்றுப் பழக்கதோஷத்தில் பட்டினி போட்டது. நாளைக் காலையில் பிளீச் ஊற்றிக் கொட்டிவிடுவார்கள்.

ஹம்ஸா கையுறையை மாட்டிக்கொண்டு, அதில் இரண்டு சொட்டு சீரம் விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.