இரண்டு மடிப்புக் காடா

மகள் செத்த அன்றிலிருந்து சந்திரவல்லி மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மாதம். வினோத்குமார் போன் செய்தால் எடுப்பதில்லை. போடியில் அவள் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை வந்து திரும்பிப் போனான். மூன்றாம் தடவை சினிமா லைட் ஆபீசராக, லைட் வண்டியோடு வந்தான். உள்காட்சி எடுக்கச் சினிமாக் கம்பெனி அந்த வீட்டை மாமனாரிடம் பேசி முடித்திருந்தது. லைட் வேலைக்கு யார் வருவார் என்று அவரும் கேட்கவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. வினோத் வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அத்தை பழையபடி ஒருதரம் மாப்ளே என்று கூப்பிட வேண்டும். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் போதும்.

எடுக்க வேண்டிய காட்சி, காய்ச்சலில் கிடக்கும் ஒரு பெண். அறை, அவன் மனைவி முத்துப்பிரியா காய்ச்சலில் கிடந்த அதே அறை. கேமராமேன் மனோஜுக்கு அது தெரியாது. வினோத் சொல்லவும் இல்லை.

வெளிச்சத்தை மட்டுப்படுத்தத் துணி கட்டும் ஆறடிச் சட்டம் வாசலில் நுழையவில்லை. நாலடிச் சட்டத்தை உள்ளே கொண்டுபோய், சன்னலுக்கு வெளியே பெரிய விளக்கை நிறுத்தினான். முதலில் மெல்லிய நைலான் துணி. கட்டிலில் படுத்திருந்த நடிகையின் மூக்கு நிழல் கன்னத்தில் கத்தியாக விழுந்தது. சட்டத்தை முகத்துக்கு நெருக்கினான். நிழல் கரைந்தது, ஆனால் சட்டத்தின் ஓரம் கேமராவில் தெரிந்தது. பட்டர் பேப்பர் காற்றில் படபடத்தது. ஒலிப்பதிவுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். தடித்த வெள்ளைத் துணியில் நிழலே இல்லை.

“அழகா இருக்குண்ணே. ஆனா சீக்குக்காரி மாதிரியா இருக்கு?” என்றான் மனோஜ். “பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காபி குடுத்துட்டு வந்து படுத்த மாதிரியில்ல இருக்கா.”

வினோத்தைவிடப் பத்து வயது மூத்த லைட்மேன் மொக்கையன், ஏலத்தோட்டத்தில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். “இதக் கட்டிப் பாப்பமா?”

அடுக்களை வாசல் நிலையில் நின்ற சந்திரவல்லி சிரித்துவிட்டாள். முப்பது வருடமாக ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள். “அதக் கட்டுனா வெளுத்த காயும் பச்சையாத் தெரியும்ப்பா. யாவாரிக பண்ற களவாணித்தனம் அது. அந்தப் புள்ள மூஞ்சி பாசி புடிச்சுப் போகும்.”

“ஆத்தா, நீங்க எங்க யூனிட்டுக்கே வந்துருங்க. எங்க லைட் ஆபீசருக்கு உத்தியோகம் போயிரும், அம்புட்டுத்தேன்” என்றான் மொக்கையன்.

வினோத் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. சிரிப்பு மட்டும் சட்டென்று அடங்கியது.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். எல்லோரும் தெருப் பந்தலுக்குப் போனார்கள். வினோத் மட்டும் துணிகளை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். சந்திரவல்லி வந்தாள்.

“அன்னைக்கு இம்புட்டு வெளிச்சமெல்லாம் இல்ல” என்றாள் சன்னலைப் பார்த்து.

அவன் எழுந்தான்.

“கண்ணு கூசுது, கண்ணு கூசுதுன்னு அழுதா. காய் கொட்டுற துணியை மடிச்சுச் சன்னல்ல கட்டுனேன். காத்து வேணுமேன்னு கீழ ஒரு சாண் விட்டிருந்தேன். வெயிலு தரையில மட்டுந்தேன் விழுந்துச்சு. அந்தச் செவப்புத் தரையவே நாலு நாளும் பாத்துக்கிட்டுக் கெடந்தா.” முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். “ஒங்களுக்குப் போன் போட்டா, ஷாட்ல இருக்காருன்னு எவனோ சொல்றான். நீங்க படம் புடிச்சுக்கிட்டிருந்த வாகமண் என்ன வடநாட்டுலயா இருக்கு?”

அவன் கையிலிருந்த துணிகளைக் கட்டிலில் வைத்தான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆளும் பாதியாப் போயிட்டீக. சோறு இருக்கு. கை கழுவிட்டு வாங்க மாப்ளே.”

அந்த வார்த்தை வந்தால் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தான். அழுகை வரவில்லை. கண் தரைக்குப் போனது. சிவப்புத் தரை. வெளிச்சம் நேராக முகத்துக்கு வரக் கூடாது. தரையில் பட்டுத் தெறித்து வர வேண்டும். காலையிலிருந்து சட்டத்தை எங்கே நிறுத்துவது என்றே பார்த்துக்கொண்டிருந்தான். தரையைப் பார்க்கவே இல்லை.

“எத்தனை மடிப்பு அத்தை?”

“என்னது?”

“அந்தத் துணி. காடாத்தானே? எத்தனை மடிப்பாக் கட்டுனீங்க?”

துக்கத்தில் கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். “ரெண்டு மடிப்பு.”

“மொக்கையண்ணே! காடா கொண்டாங்க, வெரசா!”

“சோத்துல கை வச்சாச்சுய்யா!” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஆனாலும் மொக்கையன் வந்தான். சட்டங்களை எல்லாம் வெளியே தூக்கினார்கள். வெளுக்காத காடாவை இரண்டாக மடித்துச் சன்னலில் கட்டி, கீழே ஒரு சாண் விட்டு, விளக்கை உயர்த்தினார்கள். தரையில் ஒரு பட்டை வெயில். மனோஜும் நடிகையும் சாப்பிட்டுத் திரும்பினார்கள்; அவள் கட்டிலில் படுத்தாள். அதன் செம்மை நடிகையின் தாடையிலும் கண்குழியிலும் கீழிருந்து ஏறியது. நெற்றி இருட்டில் கிடந்தது. பதினைந்து நிமிடத்துக்குள் ஷாட் ஓகே ஆனது.

“எங்கேண்ணே புடிச்சீங்க இத?” மனோஜ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “சாவு வரப்போற வீடுன்னு வசனமே வேணாம்ண்ணே.”

வினோத் திரும்பினான். சந்திரவல்லி நிலையில் நின்றிருந்தாள். துணியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

கை கழுவிவிட்டு அவன் அடுக்களைக்குப் போனபோது அவள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அத்தை...”

“ஒங்க ஆளுகளுக்கெல்லாம் வெளியில போட்டிருக்காக.” சட்டியை மூடினாள். குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “அங்க போய்ச் சாப்பிட்டுக்கங்க தம்பி.”

அறையிலிருந்து மனோஜ் கத்தினான். “அண்ணே, துணியக் கழட்டிறாதீங்க. குளோசப் ஒண்ணு பாக்கி இருக்கு.”

“கழட்டல” என்றான் வினோத்.