பாதியில் போனவர்களைத் தேடி

மூன்று வருடம் நடந்த முழங்கால் வலி மருந்துச் சோதனையில் கால்வாசிப் பேர் பாதியிலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் அந்தச் சோதனையின் புள்ளிவிவரங்களைப் பார்ப்பவள் நான். நடத்தியவர் டாக்டர் ஒக்னியான். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பேருக்குப் போலி மாத்திரை; யாருக்கு எது என்று சோதனை முடியும்வரை எங்களுக்கும் தெரியாது.

“வராதவங்கள விட்டுத்தள்ளு ரலிட்சா. இருக்கறவங்கள வெச்சு முடிச்சிடு,” என்றார்.

“வலி தாங்காம நின்னவங்களா இருந்தா டாக்டர்? நல்லா இருக்கறவங்கள மட்டும் எண்ணிட்டு மருந்து பிரமாதம்னு சொல்லிக்கிறதா?”

வராதவர்களின் விடுபட்ட வலி அளவுகளை, அவர்களைப் போன்ற மற்றவர்களை வைத்து ஊகித்து நிரப்ப வழி உண்டு. ஆனால் ஏன் போனார்கள் என்று தெரியாவிட்டால் ஊகம் எந்தப் பக்கமும் சாயலாம். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் கார் சாவியை எடுத்தார்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் அப்படிப் பாதியில் நின்றவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். முதலில் ஸ்த்ராவ்கா. வீட்டில் ஆளில்லை. தோட்டத்துச் செர்ரி மரத்தின் உச்சியிலிருந்து சிரிப்பு கேட்டது.

“அக்கா, ஏன் வர்றத நிறுத்திட்டீங்க?” என்று டாக்டர் அண்ணாந்து கேட்டார்.

“வலியே இல்ல, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? உங்க மூஞ்சியப் பாக்கவா?”

இறங்கி வந்து எங்கள் கைகளில் பழங்களை அள்ளித் திணித்தார். டாக்டரின் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் இன்னொருவர் பாக்கி.

வெல்கோ கதவைத் திறக்கவே வெகுநேரமாயிற்று. கைத்தடியோடு நின்றார். “குணமாகல. உங்க முகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு,” என்றார். டாக்டர் அவர் தோளைத் தொட்டு, “வெக்கப்பட வேண்டியது மருந்துதான் அண்ணே,” என்றார்.

அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராக அலைந்தோம். கண்டுபிடிக்க முடியாதவர்கள் எல்லோருக்கும் வலி கூடியிருக்கும் என்றே வைத்துக் கணக்கிட்டேன். அப்போதும் மருந்து ஜெயித்தது. டாக்டர் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை. நான் பயந்ததைவிட நன்றாகவே.

யாருக்கு எது கொடுத்தோம் என்ற ரகசியத்தை உடைத்து இந்த முடிவைப் பார்த்த அன்றே ஒக்னியான் வெல்கோவுக்குத்தான் முதலில் போன் செய்தார்.

“அண்ணே, உங்களுக்குக் கிடைச்சது வெறும் மாவு மாத்திரை. நாளைக்கு வாங்க, நிஜ மருந்து தர்றோம்.”



“மாவா? அதானே பாத்தேன், ருசியா இருந்துச்சு!” என்று வெல்கோ வெடித்துச் சிரித்தது என் மேஜை வரை கேட்டது.