ஏகமனதாக

தெருமுனை வீட்டை எடுத்துவிடலாம் என்று தூக்கப்பட்ட இருபத்தேழு கைகளில் ஒன்றுகூட அதன் பிறகு கீழே இறங்கவில்லை. கூட்டம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெரு நலச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த மாவு மில் மாடியில். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடியது, மைக் கரகரத்தது, காகிதக் கோப்பையில் டீ வந்தது. மருந்துக்கடை வைத்திருந்த செயலாளர் விஷயத்தை விளக்கினார். தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இதற்கு இரண்டு வழிகள்தான். தெரு நெடுக எல்லா வீடுகளும் முன்பக்கம் மூன்றடி விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது தெருவாயை அடைத்துக்கொண்டு நிற்கும் முனை வீட்டை முழுதாக எடுத்துவிட வேண்டும். முனை வீடு வெல்டிங்காரருடையது. முன்னறையில் பட்டறை, பின்னறையில் குடித்தனம். அவரும் மனைவியும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய தங்கை, அதே தெருவில் தையல் கடை வைத்திருந்தவள், ஐந்தாவது வரிசையில் இருந்தாள். அவள் கணவன் பஸ் டிரைவர், அன்று அவனுக்கு டூட்டி. மூன்றடி போனால் தன் தையல் மிஷின் நிற்கிற இடம் போய்விடும் என்று அவள் மனக்கணக்குப் போட்டிருந்தாள். "முனை வீட்டை எடுக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்று செயலாளர் சொன்னபோது அவள் அண்ணனின் பிடரியைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள், காதளவுக்கு மட்டும். செயலாளர் பேனா முனையால் எண்ணிமுடித்து, "பெரும்பான்மை. கையை இறக்கலாம்" என்றார். யாராலும் இறக்க முடியவில்லை.

முதலில் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தார்கள். மாடிப்படி குறுகலானது என்பதால் முழங்கை மடக்கித் தூக்கியவர்கள் பக்கவாட்டாக இறங்கினார்கள். எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, கை மேலே இருக்கிறது என்றார். எண்ணெய் தேய்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர் மணிக்கட்டில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு வாரம் திரிந்தார். கல்தான் கூடவே மேலே நின்றது. தூக்கிய உயரத்திலேயே ஒவ்வொரு கையும் நின்றுவிட்டது. உற்சாகமாகத் தூக்கியவர்களுக்கு வாசற்படி நிலை இடித்தது, தயங்கித் தூக்கியவர்களுக்குத் தோள் வலித்தது. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்ற பழமொழியை அந்தத் தெருவில் அதற்கப்புறம் யாரும் வேடிக்கையாகச் சொன்னதில்லை. எல்லோரும் இடது கையால் சாப்பிடப் பழகினார்கள், இடது கையால் எழுதினார்கள், குழந்தைகளை இடது கையால் அடித்தார்கள். சட்டையும் ரவிக்கையும் போட முடியாமல் தவித்தவர்களுக்குத் தையல்காரிதான் வழி கண்டுபிடித்தாள்: வலது தோளைத் திறந்துவிட்டு மேலே பட்டன் வைத்துத் தைத்தாள். ஒற்றைக் கையால் துணியைத் தள்ளி, முழங்காலால் இழுத்துத் தைக்கப் பழக ஏழெட்டு மாதம் ஆனது. அதன் பிறகு கடையில் கூட்டம் குறையவில்லை.

அண்ணன் வீட்டை இடித்த அன்று அவள் போனாள். அவர் காஸ் சிலிண்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ரயில்வே சரக்குக் கொட்டடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்திருந்தது. அவர் தங்கையைப் பார்த்தார், அடுத்த சிலிண்டரை உருட்டினார். கதவு இல்லாத வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.

"அண்ணி, நான் உள்ள வரலாமா?"

"கையை வெளிய விட்டுட்டு வர முடிஞ்சா வா" என்றாள் அண்ணி.

தையல்காரி திரும்பி நடந்தாள். இரண்டு வருடம் கழித்து நெஞ்சுச் சளி முற்றி அண்ணி இறந்துபோனாள். கொட்டகை வரிசைக்குள் எந்த மோட்டார் வண்டியும் நுழைய முடியாது. இஸ்திரி வண்டிக்காரர் சொல்லித்தான், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு, தையல்காரிக்குத் தெரிந்தது. போகலாமா என்று புடவை மாற்றினாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். போகவில்லை.

சங்கத்துக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. அடுத்த கூட்டம் தெருக்குழாயை எடுப்பதைப் பற்றியது. செயலாளர் வழக்கம்போல "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார், நிமிர்ந்து பார்த்தார், கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன. அவர் கெட்டவர் இல்லை. அன்று அவருக்கு வியர்த்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் விதிமுறை விதிமுறைதான் என்று கைகளை எண்ணினார், பெரும்பான்மை என்றார், குழாய் போயிற்று. அதற்கடுத்த கூட்டத்தில் அவருக்கு வியர்க்கவில்லை. மரம் போயிற்று. இஸ்திரி வண்டி நிற்கக் கூடாது என்று ஆனது. பேப்பர் போடுகிறவரின் வீடு கார் நிறுத்தும் இடமாயிற்று. "நாங்க இதை எதிர்க்கிறோம்" என்று சிலர் எழுந்து சத்தம் போட்டார்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது, கைதான் கணக்கு என்று செயலாளர் பொறுமையாகச் சொன்னார். கூட்டத்துக்கே வராமல் இருந்து பார்த்தார்கள். அவர் தெருவில் நடந்து ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டு போனார். மூட்டை தூக்குகிறவர் போர்வையால் மூடிக்கொண்டு வந்தார். அது ரகசிய வாக்கு என்று சேர்க்கப்பட்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வலது கை ஆதரவென்றால் இது எதிர்ப்பு என்று இடது கையையும் தூக்கினார். அவர் பெயரில் இரண்டு வாக்கு விழுந்தது. அந்தக் கையும் இறங்காததால், அவரைக் கடைசிவரை மனைவிதான் ஊட்டி வளர்க்க வேண்டியிருந்தது. சங்கத் தேர்தலும் வந்தது. புதுச் செயலாளருக்கு யாராவது நின்றால் பழைய செயலாளரின் பெயரை முதலில் வாசிப்பார்கள். அதோடு தேர்தல் முடிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் ஆண்டு விழா ஒரு வருடமும் நிற்கவில்லை. ரத்ததான முகாம், கோலிக்குண்டைக் கரண்டியில் வைத்து ஓடும் போட்டி, குழந்தைகளுக்கு மாறுவேடம், கடைசியில் எல்லோரும் நின்று ஒரு புகைப்படம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இப்படி ஓர் உற்சாகமான தெருவை எங்கேயும் கண்டதில்லை என்றார்கள். வேறு பேட்டைச் சங்கங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. முதல் கூட்டத்தில் கை தூக்காத ஒருசிலர் ஒருவர் பின் ஒருவராக வீட்டை விற்றோ, விற்க வைக்கப்பட்டோ போனார்கள். வழக்கமாக வரும் "பெரும்பான்மை" என்ற சொல்லுக்குப் பதில் செயலாளர் ஒருநாள் "ஏகமனதாக" என்றார். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பஸ் டிரைவருக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு காலைவேளையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. ஆம்புலன்ஸ் வந்தது. முனையில் ஒரு தடங்கலும் இல்லாமல் திரும்பி, வாசற்படிவரை வந்து நின்றது. வழி தாராளமாக இருந்தது, ஆயுள்தான் இல்லை. பாதி வழியிலேயே இறந்துவிட்டான். வாழ்ந்த நாளெல்லாம் அவன் அந்தக் கையைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தான்: "அன்னிக்கு நான் வந்திருந்தா நானும்தான் தூக்கியிருப்பேன், விடு." அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று அவள் கேட்டதில்லை.

சாவுக்கு அண்ணன் வந்தார். தலை நரைத்து, கண்ணோரம் தீப்பொறி பட்ட தழும்புகளோடு இருந்தார். எல்லோரும் போகும்வரை தள்ளியே நின்றார். அந்த வீட்டில் கை நனைக்கவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. புறப்படும்போது அவள் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"அண்ணி சாவுக்கு நான் வரல."

"தெரியும்."

"அண்ணே, அன்னிக்கு நான் முழுசா தூக்கல. காதுவரைக்கும்தான்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். "பாத்தேன். திரும்பிப் பாத்தேன்" என்றார். "பாதிக் கைன்னு அவன் பாதியாவா எண்ணினான்?"

தெருவில் இறங்கி, ஒரு காலத்தில் தன் வீடு இருந்த அகலமான முனையைக் கடந்து போனார். அவள் அழவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால் அழத் தோன்றவில்லை.

பதினான்காம் வருடம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்ற யோசனை வந்தது. மூன்று மாடி, மேலே கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கென்றே ஒரு பெரிய கூடம். இடம் தையல்காரியின் வீடும், பக்கத்தில் பூட்டிக்கிடந்த கணக்கு வாத்தியார் வீடும். அன்றைய கூட்டத்துக்கு அவள் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவள் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். செயலாளர் வயதாகிப் போயிருந்தார், எழுதியதைக் கண்ணருகில் வைத்து வாசித்தார். கை தூக்கச் சொன்னபோது அவள் எழுந்தாள்.

"சார், அது என் வீடு. மத்தவங்க கையை எண்ணிக்குங்க. என் கையை மட்டும் சேர்க்காதீங்க."

"உங்க கை மேல இருக்கே அம்மா."

"அது பதினாலு வருஷமா அப்படியேதான் சார் இருக்கு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. ஆனா உங்க ஒருத்தருக்காக எண்ணிக்கையை மாத்தினா, மத்த தீர்மானம் எல்லாம் என்ன ஆகுறது? குழாய் திரும்பி வருமா? மரம் திரும்பி வருமா?" அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கெஞ்சுவது போலக்கூட இருந்தது. "எத்தனை பேர் வீடு போயிருக்கு, யோசிச்சுப் பாருங்க."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்கள், கைகள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு பெண், போன வாரம்தான் ரவிக்கை தைத்து வாங்கிப் போனவள், "அக்கா, எனக்கு மனசே இல்லக்கா" என்று வாய்விட்டு அழுதாள். அவள் கையும் எண்ணப்பட்டது. செயலாளர் "ஏகமனதாக" என்றார்.

வீட்டை இடிக்க எடுத்த ஒப்பந்தக்காரர் முதலில் ஜன்னல் கம்பிகளை அறுத்தெடுக்க ஆள் அனுப்பினார். காஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் அண்ணன். வாசலில் நின்று ஒரு கணம் கதவைப் பார்த்தார், பிறகு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தெருப்பேர் மட்டும்தான் சொன்னான்" என்றார்.

"எந்த வீடுன்னு தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேன். கூலி வேலை."

மத்தியானத்துக்குள் நான்கு ஜன்னல்களும் வெறும் ஓட்டைகளாகிவிட்டன. அவள் துணிகளை மூட்டை கட்டிவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் மிஷின்மேல் சாய்ந்து நின்றாள். அண்ணன் கம்பிகளை வண்டியில் அடுக்கினார். அதற்குமேல் பழைய சாக்கை விரித்தார். உள்ளே வந்து மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடி" என்றார். ஒற்றைக் கையால் பிடித்தாள். வண்டியில் ஏற்றியதும் அவர் முன்னால் இழுத்தார், அவள் பின்னால் தள்ளினாள். சரக்குக் கொட்டடி தாண்டி, சந்து குறுகிக்கொண்டே போய், கடைசியில் வண்டியின் அச்சு இரண்டு பக்கமும் உரசியது.

கொட்டகையில் ஒரு மூலையில் பட்டறை, இன்னொரு மூலையில் கயிற்றுக் கட்டில். மிஷினை வெளிச்சம் விழும் பக்கமாக வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கை ஏன் இப்படி என்று ஒரு பெண் கேட்டாள். "ஒரு கூட்டத்துல தூக்குனது" என்றார் அண்ணன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, தன் பையனின் கிழிந்த கால்சட்டையைத் தைத்துத் தர முடியுமா என்று விசாரித்தாள்.

மூன்றாம் நாள் அவர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு ஜன்னல் கம்பியை எடுத்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கையை முக்காலியில் உட்காரச் சொன்னார். முழங்கையிலிருந்து தரைவரை சாணாலும் விரலாலும் அளந்தார், சாக்கட்டியால் கம்பியில் கோடு போட்டார், அறுத்தார், வளைத்தார், மூன்று கால் வைத்து ஒட்டவைத்தார். மேலே பிறைபோல ஒரு தாங்கி. சூடு ஆறியதும் சைக்கிள் டியூபை நறுக்கி அதில் இறுக்கிச் சுற்றினார். அவள் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வை."

அவள் முழங்கையை அதில் வைத்தாள். இத்தனை வருடம் அந்தக் கை எவ்வளவு கனத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வாய் கோணிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"உயரம் சரியா?"

"அரை விரல் குறைக்கணும் அண்ணே."

அவர் தாங்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் ஒரு காலை அறுத்தார், பிறகு மற்ற இரண்டையும். பக்கத்து வீட்டுப் பெண் கிழிந்த கால்சட்டையோடு வந்து வாசலில் காத்து நின்றாள்.